அரைத்த கறி

ஆட்டுக்கறியை மூன்றாவது தடவையாக பிளெண்டரில் ஓட்டி எடுத்துச் சல்லடையில் ஊற்றினாள் சீதாலெட்சுமி. கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தபோது கறி கூழாகிக் கீழே இறங்கியது. நார் மட்டும் கம்பி வலையில் தங்கியது. அதில் ஒன்றை விரலில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முடி கனம்கூட இல்லை. ஆனாலும் சல்லடையைக் கழுவி, வடிந்ததை மறுபடியும் அதிலேயே ஊற்றினாள்.

தீபாவளிக் காலை. இரவு முழுக்கப் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. காப்பார் கம்பத்தில், அந்தச் சின்ன ஊரில், வரிசை வீடுகள் எல்லாம் எழுந்துவிட்டன. பிள்ளைகள் யாரோ நனைந்த சரவெடியைக் கொளுத்தப் பார்த்தார்கள். இரண்டு வெடியோடு அது அணைந்துபோனது. வீட்டுக்கு வீடு தோசைக்கல் சீறியது. செம்பனைத் தோட்டத்தின் ஈர மட்டை வாசனையும் இஞ்சிபூண்டு வதங்கும் வாசனையும் கலந்து அடுப்படி ஜன்னல் வழியே வந்தன. மற்ற வருஷங்களில் இந்நேரம் அவள் வீட்டிலும் பெரிய சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். தலையில் எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு கணவர் நாகையா வந்து நிற்பார். ஈரல் துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் ஊதுவார்.

இந்த வருஷம் அரை கிலோ கறிதான். அதிலும் பாதியை அவள் கூழாக்கிவிட்டாள்.

நாகையா தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டியவர். ஆள் உயரம், கனம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். அவள் வந்து பார்ப்பதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வீட்டில் வைத்துத்தான் பார்த்தாள். ஒருநாள் குளியலறையில் அவரைத் தூக்கப் போய், அவரோடு அவளும் விழுந்தாள். பக்கத்து வீட்டு வாசு வந்து தூக்கும்வரை இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் மகள் மலர்விழி கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துச் சேர்த்தாள்.

போன் அடித்தது. மலர்விழிதான். பூச்சோங்கில் இருப்பவள், தீபாவளிக்கு மாமியார் வீடு இருக்கும் ரவாங்குக்குப் போயிருந்தாள்.

“ஹேப்பி தீபாவளி மா. எண்ண வச்சு குளிச்சீங்களா?”

“குளிச்சாச்சு.”

“அது என்னா சத்தம்? பிளெண்டரா?”

“கறி அரைக்கிறேன்.”



“அப்பாவுக்கா?”

“சும்மா நாக்குல வைக்கத்தான். நாளும் கெழமையுமா வெறும் கஞ்சியா குடுக்கிறது?”

“அம்மா, ப்ளீஸ் லா. ஹோம் ஓனர் நேத்து போன் பண்ணாங்க. அப்பா வாயே தெறக்க மாட்டேங்கிறாராம். இப்படியே போனா தாங்க மாட்டாரு, லீவு முடிஞ்சதும் மூக்குல டியூப் போட்டுடலாம்னு சொன்னாங்க. நான் சரின்னுட்டேன்.”

“என்னைய கேக்காமயே சரின்னுட்டியா?”

“கேட்டா நீங்க அழுவீங்க. டியூப் சேஃப் மா. தொண்டையில சிக்காது. போன தடவ ஆனது மாதிரி இன்னொரு தடவ ஆனா என்னால தாங்க முடியாது. நாளைக்குக் காலையில இங்கேருந்து நேரா அங்க வரேன். அதுவரைக்கும் ஒன்னும் ஊட்டாதீங்க. சரியா?”

“சரி” என்றாள் சீதாலெட்சுமி. போனை வைத்துவிட்டு, கூழைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டாள்.

போன தடவை நடந்தபோது அவளும் இல்லத்தில் இருந்தாள். புரட்டாசி மாதத்தில் ஒரு மத்தியானம். வேலைக்குப் புதிதாக வந்த பெண், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்காமல், அவசர அவசரமாகக் கஞ்சியை ஊட்டினாள். சீதாலெட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சத்தம் நின்றுபோனது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் நாகையாவின் முகம் கறுத்துக்கொண்டிருந்தது. இருமல்கூட வரவில்லை. கண்கள் மட்டும் அவளைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றன. மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் ஓடிவந்து, உறிஞ்சும் மிஷினின் குழாயைத் தொண்டையில் விட்டு எடுத்தாள். பிறகு நுரையீரலில் கிருமி சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சீதாலெட்சுமியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நேராக உட்கார வைக்கணும். தாடையை நெஞ்சுப் பக்கம் குனிய வைக்கணும். அரைக் கரண்டிக்கு மேல் கூடாது. குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கணும். விழுங்கியதும் ‘ஆ’ சொல்ல வைக்கணும். குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது போல் கொழகொழத்தால் உடனே நிறுத்திவிடணும்.

அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் கையால் ஊட்டவில்லை. போவாள், பக்கத்தில் உட்காருவாள், கால் பிடித்துவிடுவாள். சாப்பாட்டு நேரம் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் கெட்டியாகக் கரைத்த சோற்றுக்கூழ். நடு அடுக்கில் கறிக்கூழ். மேல் அடுக்கில் இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தோசையும் முழுக்கறியும். துண்டால் இறுக்கிக் கட்டி மோட்டர் சைக்கிளின் முன்கூடையில் வைத்தாள். மழைக்கோட்டைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

காப்பார் ரோட்டில் அவள் மோட்டர் ஓட்டாத நாளில்லை. பாசார் சந்தைக்கும், செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை இருந்த காலத்தில் அங்கேயும் இதே மோட்டரில்தான் போனாள். அப்போதெல்லாம் கொள்கலன் லோரிகள் உரசிக்கொண்டு போனாலும் வாயில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இப்போது பின்னால் ஹாரன் கேட்டாலே ஓரம் கட்டி நிறுத்திவிடுகிறாள். நான் விழுந்துவிட்டால் அவரைப் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பெருநாள் விடுமுறையிலும் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் ஓய்ந்தபாடில்லை. ஒன்று பக்கத்தில் கடந்தபோது சேற்றுத் தண்ணீர் சுவராக எழுந்து அவள் மேல் அடித்தது. காலை ஊன்றி நின்று, ஒரு கையால் கேரியரை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மூடி கழலவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கிளப்பினாள்.

இல்லம், வரிசை வீடுகளின் மூலையில் இருக்கும் இரட்டைமாடி வீடு. வாசலில் யாரோ வண்ண அரிசியில் கோலம் போட்டிருந்தார்கள். மழை அதன் ஒரு ஓரத்தைக் கரைத்திருந்தது. உள்ளே டிவியில் பட்டிமன்றம் ஓடியது. புதுச் சட்டை போட்ட கிழவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து அதைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார்கள். மிஸ்ஸி ரிஸ்வானா மருந்துத் தட்டோடு வந்தாள். கிள்ளான்காரி. அன்று இந்துப் பெண்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டு அவளும் ஒரு இந்தோனேசியப் பெண்ணும்தான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஹேப்பி தீபாவளி ஆன்டி. மழையில நனைஞ்சிட்டீங்களே.”

“அது கெடக்கு. இவரு எப்படி இருக்காரு மிஸ்ஸி?”

ரிஸ்வானா தட்டை மேஜையில் வைத்தாள். “என்ன சொல்றது ஆன்டி. பசி இருக்கு அங்கிளுக்கு. ‘சா, சா’ன்னு கூப்பிடுறாரு. சாப்பாடு கேக்குறாருன்னு ஓடிப் போயி கஞ்சி கொண்டாந்தா வாய இறுக்கி மூடிக்கிறாரு. நேத்து கரண்டிய தட்டி விட்டுட்டாரு. கெட்டியா கரைச்ச மைலோ ரெண்டு வாய் போனா பெருசு. கண்ணு பாருங்க, உள்ள போயிருச்சு.”

“கறி கொண்டாந்திருக்கேன். நல்லா அரைச்சு வடிச்சிட்டேன்.”

ரிஸ்வானா கேரியரைத் திறந்து, கரண்டியால் ஒரு வாய் அளவு எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். கூழ் ஒழுகாமல், உதிராமல், ஒரே திரளாக வழுக்கி விழுந்தது.

“பதம் சரியாத்தான் இருக்கு. ஆனா வெளிச் சாப்பாடு வேணாம்னு ஓனர் சொல்லியிருக்காங்க. ஏதாச்சும் ஆனா என்னையத்தான் கேப்பாங்க.”

“வேணாம்னா வேணாம் மிஸ்ஸி” என்றாள் சீதாலெட்சுமி. அப்படிச் சொன்னபோது அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ரிஸ்வானா மூடியைப் போட்டாள். பிறகு, “சக்‌ஷன் மிஷின பக்கத்துல கொண்டாந்து வச்சுக்கிறேன். நானும் நிக்கிறேன். இருமுனாருன்னா அதோட நிறுத்திடணும், சரியா?” என்றாள்.

அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரம் நாகையா. எதிர்க் கட்டிலில் ஜெயராஜ். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். அவர் மூக்கில் குழாய் ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கைகளிலும் பெரிய உறைகளை மாட்டிக் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். உறைக்குள் விரல்கள் ஓயாமல் அசைந்தன. நாகையாவின் கண்கள் அந்த உறைகள் மேலேயே இருந்தன.

“ஏங்க.”

திரும்பினார். முகம் வற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் இடது கை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழுந்தது.

அவள் சின்ன போத்தலில் நல்லெண்ணெய் கொண்டுவந்திருந்தாள். உச்சியில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். மண்டை ஓடு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஈரத் துணியால் துடைத்தாள். மலர்விழி வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையை, செயலற்ற கையை முதலில் நுழைத்துப் பிறகு நல்ல கையை நுழைத்து மாட்டினாள். கழுத்தில் பொத்தான் போட்டபின்னும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளத்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணைகள் கொடுத்து அவரை நேராக உட்கார வைத்தாள். இதையெல்லாம் எத்தனை மெதுவாகச் செய்ய முடியுமோ அத்தனை மெதுவாகச் செய்தாள்.

ரிஸ்வானா மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் சக்கரச் சத்தம் கேட்டதும் நாகையாவின் தோள் விறைத்தது.

சீதாலெட்சுமி கேரியரைத் திறந்தாள். கறி வாசனை அறையில் பரவியது. சோம்பு, பட்டை, வதங்கிய வெங்காயம். அவருடைய மூக்கு விரிந்தது. “சா” என்றார்.

“சாப்பாடுதான். தீபாவளிக் கறி. நீங்க கேக்குற மாதிரி மொளகு போட்டு.”

அரைக் கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதடுகள் இறுகி மூடிக்கொண்டன. முகத்தைத் திருப்பினார். “ஒரே ஒரு வாய்” என்று கரண்டியைத் திருப்பிக் கொண்டுபோனாள். அவருடைய இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. லோரி ஸ்டியரிங்கைப் பிடித்த கை. வலித்தது. வளையல் ஒன்று சதையில் அழுந்தியது.

“சா… சா…”

“அதைத்தானே குடுக்கிறேன்? வாயத் தெறங்க.”

பிடி இன்னும் இறுகியது. தலையை வேண்டாம் என்று ஆட்டினார். கண்கள் அவளிடமிருந்து மிஷினுக்குப் போயின. அங்கிருந்து ஜெயராஜின் கைகளுக்குப் போயின. திரும்ப அவளிடம் வந்து நின்றன. இந்தப் பார்வையை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். முகம் கறுத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில்.

கரண்டியைக் கேரியரிலேயே போட்டுவிட்டாள்.

“சாப்பாடு இல்லையா?” என்றாள் மெல்ல.

தலை அசைந்தது. இல்லை.

“செத்துருவேன்னு சொல்றீங்களா?”

பிடி தளர்ந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கித் தாடியில் நின்றது.

ரிஸ்வானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “யா அல்லா, நாங்க எல்லாரும் சாப்பாடு கேக்குறாருன்னுதானே நெனச்சோம்” என்றாள் தாழ்ந்த குரலில்.

சீதாலெட்சுமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. அது பொய் என்று அவருக்கும் தெரியும்.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு” என்றாள். “அன்னிக்கு ஒங்க மூஞ்சிய பாத்ததுலேருந்து எனக்குச் சாப்பாட்டக் கண்டாலே பயம். அதான் நீங்க சாப்பிடுற நேரத்துக்கு எந்திரிச்சுப் போயிடுறேன். நீங்க கவனிச்சிருப்பீங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். கவனித்திருக்கிறார் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

“இப்படியே வாய மூடிக்கிட்டு இருந்தா நாளான்னைக்குக் குழாய் போட்டுருவாங்க. நம்ம பாப்பாவும் சரின்னுருச்சு. நீங்க அதுதான் வேணும்னா நான் ஒன்னும் சொல்லல. அதுவா வேணும்?”

அவர் எதிர்க் கட்டிலைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அப்ப நான் ஊட்டல. எடுத்து வைக்கிறேன். நீங்களே எடுங்க. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்குங்க.”

அரைக் கரண்டி எடுத்து, கரண்டியின் காம்பை அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். கரண்டி அவர் மடியில் வெகுநேரம் அப்படியே இருந்தது. டிவியில் யாரோ கைதட்டினார்கள். இந்தோனேசியப் பெண் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். நாகையா கரண்டியை உயர்த்தினார். நடுங்கிக்கொண்டே போனது. ஒரு துளி புதுச் சட்டையில் விழுந்தது. உதடு திறந்தது. கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது.

“குனிங்க. தாடைய நெஞ்சுல வைங்க. அவசரம் இல்ல. ம்… இப்ப முழுங்குங்க.”

அவள் அவருடைய தொண்டையைப் பார்த்தாள். குரல்வளை ஏறவில்லை. கறி வாய்க்குள்ளேயே இருந்தது. அவர் கண்கள் பெரிதாயின. அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ஏறியது. இறங்கியது.

“ஆ சொல்லுங்க.”

“ஆ…” கொழகொழவென்று, தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

உடனே இருமல் பிடித்தது. உடம்பு முழுவதும் குலுங்கியது. ரிஸ்வானா மிஷினைப் போட்டாள், அது உறுமியது. சீதாலெட்சுமி எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்தது. சிவந்தே இருந்தது. கறுக்கவில்லை.

“வேணாம், வேணாம் மிஸ்ஸி, சத்தமா இருமுறாரு. இருமட்டும்” என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது.

குழாயைக் கையில் பிடித்தபடி ரிஸ்வானா நின்றாள். இருமல் ஒருமுறை பலமாக வந்து, தொண்டையில் எதையோ புரட்டி மேலே கொண்டுவந்தது. நாகையா மறுபடியும் விழுங்கினார். மூச்சு வாங்கினார். மிஷினை நிறுத்திவிட்டு மூவரும் காத்திருந்தார்கள்.

“ஆ சொல்லுங்க.”

“ஆ.” கரகரத்தது. ஆனால் ஈரம் இல்லை.

“இருமுனா நிறுத்தணும்னு சொன்னேன்ல ஆன்டி” என்றாள் ரிஸ்வானா. அவள் நெற்றி வியர்த்திருந்தது. “இன்னிக்குப் போதும்.”

“போதும்” என்றாள் சீதாலெட்சுமி. கேரியரை மூடக் கையை நீட்டினாள்.

நாகையா கரண்டியை விடவில்லை. அதை மெதுவாக நகர்த்தி, கேரியரின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிஸ்வானா விரலால் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள், முதுகில் காதை வைத்துக் கேட்டாள். “கால் கரண்டி” என்றாள் கடைசியில். “அதுக்கு மேல வேணாம். நல்லா நேரம் விட்டு.”

சின்னக் கேரியர் அடுக்கில் பாதி இறங்க மத்தியானம் வெகுநேரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் பயந்தாள். எந்த வாயிலும் அந்தப் பயம் குறையவில்லை. முடிந்ததும் அவர் சாயாமல் இருக்கத் தோளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அப்படியே தூங்கிப்போனார். மிளகு வாசனை அவர் மூச்சில் வந்தது.

பார்வையாளர் நேரம் முடிந்து கிளம்பும்போது ரிஸ்வானா கேட் வரை வந்தாள்.

“ஓனர்கிட்ட நான் பேசிப் பாக்குறேன். ஆனா ஒரு வேள சாப்பிட்டது பத்தாது ஆன்டி. டின்னருக்கும் சாப்பிடணும், நாளைக்கும் சாப்பிடணும். இல்லாட்டி டியூப்தான்னு சொல்வாங்க.”

“நாளைக்குக் காலையில பாப்பாவுக்கு முன்னாடி நான் வந்துருவேன். டின்னருக்கு நீங்க பாத்துக்குங்க. கரண்டிய அவரு கையில குடுத்துருங்க.”

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கிளப்பினாள். பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கியது. லோரிகளின் விளக்குகள் தண்ணீரில் உடைந்து தெரிந்தன. மழைக்கோட்டுக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடைக்குள் மோட்டரைத் திருப்பி, காற்றடிக்கும் இடத்துப் பக்கம் நிறுத்தி, போனை எடுத்தாள். இல்லத்தின் நம்பர்.

“மிஸ்ஸி?” குரல் வெளியே வரவில்லை. திரும்பவும் சொன்னாள். “மிஸ்ஸி, என்னா ஆச்சு?”

“பயப்படாதீங்க ஆன்டி, ஒன்னும் ஆகல. டின்னர் கொண்டாந்திருக்கேன். நீங்க வச்சிட்டுப் போன கறியும் கொஞ்சம் சூடு பண்ணி வச்சிருக்கேன். அங்கிள் கரண்டிய கையில வாங்கிட்டாரு. ஆனா வாயில வைக்க மாட்டேங்கிறாரு. கதவையே பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கும் தனியா பயமா இருக்கு. நீங்க லைன்ல இருங்களேன்.”

“ஸ்பீக்கர்ல போடுங்க.”

அந்தப் பக்கம் தட்டின் சத்தம் கேட்டது. ஜெயராஜ் கட்டிலின் கம்பி கிறீச்சிட்டது. சீதாலெட்சுமி ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டர் சீட்டில் வைத்தாள். கூரையில் மழை அடித்ததில் ஒன்றும் கேட்கவில்லை. கழிப்பறைச் சுவர் மறைவில் போய் நின்று ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, நான்தான். இங்கதான் நிக்கிறேன். போகல. கால் கரண்டி எடுங்க. குனிங்க.”

மறுமுனையில் சத்தம் இல்லை. பெரிய லோரி ஒன்று ரோட்டை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் மூச்சு விடவில்லை.

“வாயில வச்சிட்டாரு ஆன்டி” என்று ரிஸ்வானா கிசுகிசுத்தாள்.

“முழுங்குங்க. அவசரம் இல்ல.”

காத்திருந்தாள். தொண்டையைப் பார்க்க முடியவில்லை. முகத்தின் நிறத்தைப் பார்க்க முடியவில்லை. போன் மட்டும் காதோடு சூடாக ஒட்டியிருந்தது.

“ஆ சொல்லுங்க.”

மழை. யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு, தூரத்திலிருந்து, மெல்லிசாக, உலர்ந்து வந்தது அவர் குரல்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுவதற்கு நேரம் இல்லை. கரண்டி மறுபடியும் கிண்ணத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் போனைக் காதில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, “குனிங்க” என்றாள்.